இரண்டாவது வணக்கம்

அந்த நிறுவனத்தில் பிழை செய்வது சுலபம். பிழை நேர்ந்துவிட்டது என்று சொல்வதுதான் பெரும்பாடு. சொல்வதற்கென்று ஒரு துறை இருந்தது, துறைக்கு ஒரு தனி மாடி இருந்தது, மாடிக்கு ஒரு இயக்குநர் இருந்தார். அவர் நல்ல மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். பேசும்போது எதிரில் இருப்பவர் தோளில் கையை வைத்துக்கொள்வார். பேச்சு முடிந்த பிறகும் அந்தக் கை அங்கேயே இருக்கும்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அங்கே இயந்திரங்களை ஓட்டும் புரோகிராம்களை எழுதினார்கள். லிஃப்ட், பம்ப், பாய்லர் என்று எது கேட்டாலும் எழுதிக் கொடுப்பார்கள். இயந்திரத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதன் பக்கத்திலுள்ள சின்னத் திரையில் ஒரு வரி வரும். அதற்குப் பெயர் பிழைச் செய்தி. பாய்லர் பிரிவில் அந்த வரிகளை எழுதியவனை எல்லோரும் நெட்டையன் என்றே கூப்பிட்டார்கள். கதவு நிலையில் இடிக்காமல் அவன் உள்ளே வந்தது கிடையாது. ஆனால் யாரிடமும் நிமிர்ந்து பேசிப் பழக்கமில்லாததால் அத்தனை உயரமும் வீணாகத்தான் போயிற்று.

ஒரு காலத்தில் அந்த வரிகள் 'பிழை நாற்பத்தேழு' என்ற ரீதியில் இருந்தன. நாற்பத்தேழு என்றால் என்னவென்று எழுதியவனுக்கே தெரியாது. நெட்டையனின் அக்கா வீட்டுக்காரர் ஒரு துணி ஆலையில் பாய்லர் ஓட்டுகிறவர். அந்த ஆலை பாய்லரில் இருந்தது இவர்கள் எழுதிய புரோகிராம்தான். ஒரு நாள் அவர் கேட்டார்.

"ஏன் மாப்ள, நாப்பத்தேழுன்னா நான் உக்காரணுமா, ஓடணுமா?"

"ஏன் மாமா, தண்ணி மட்டம் பாக்கத்தான் கண்ணாடிக் குழாய் இருக்கே?"

"அது முழுசா நிறைஞ்சிருந்தாலும் ஒரே மாதிரி தெரியும், சுத்தமா காலியா இருந்தாலும் ஒரே மாதிரி தெரியும். நடுவுல கோடு தெரிஞ்சாத்தான் மட்டம். பழைய பாய்லர், தானா அணையற வசதியும் கிடையாது. தண்ணி கொஞ்சம் குறைஞ்சா பம்ப்பைப் போட்டு விடணும். சுத்தமா காலின்னா விடவே கூடாது. நெருப்பை நிறுத்திட்டு வெளிய வந்துடணும். காஞ்சு பழுத்த இரும்புல தண்ணி பட்டா, அப்புறம் என்னை நீங்க துண்டு துண்டாத்தான் பொறுக்கணும்."

சோறு பரிமாறிக்கொண்டிருந்த அக்கா, கரண்டியைப் பாத்திரத்தில் டங்கென்று போட்டுவிட்டு உள்ளே போனாள். இப்படிப்பட்ட பேச்சு அவளுக்குப் பிடிக்காது.

நெட்டையன் இதைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொன்னான். அவள் அதிகம் பேசாதவள். ஒரு வாரம் உட்கார்ந்து 'சல்லடை' என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். யார் எதை எழுதினாலும் வெளியே போகுமுன் சல்லடை அதைப் படித்துப் பார்க்கும். என்ன ஆயிற்று, எங்கே ஆயிற்று, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் செய்தியில் இல்லையென்றால், எது குறைகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பும். எல்லோரும் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார்கள். ஆலைத் திரையில் இப்படி வந்தது: 'கொதிகலனில் தண்ணீர் இல்லை. உடனே நெருப்பை நிறுத்தவும். தண்ணீர் விடக் கூடாது.'

"இப்பத்தான் மாப்ள அந்தப் பெட்டிக்கு வாய் வந்திருக்கு" என்றார் மாமா.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் சுகம். ஆனால் கீழே ஏதோ நல்லது நடக்கிறது என்ற விஷயம் மேலிடத்தின் காதுக்குப் போய்விட்டது.

மேலிடம் சும்மா இருக்குமா? செய்தித் தெளிவுத் துறை பிறந்தது. சல்லடை எழுதிய பெண்ணுக்குப் பாராட்டு விழா நடத்திக் கேடயம் கொடுத்து, ஊருக்கு வெளியே இருந்த பழைய சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே அவளுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு 'அமைதியான வேலை' என்று பதில் கிடைத்தது. விழா முடிந்த கையோடு இயக்குநர் பொறுப்பேற்றுப் பேசினார்.

"தெளிவுன்னா என்ன? படிக்கிறவர் மனசு கலங்காம இருக்கறதுதான் தெளிவு. ஒரு செய்தியைப் படிச்சுட்டு ஒருத்தர் பதறி எழுந்தார்னா, அது தெளிவான செய்தியா? யோசிச்சுப் பாருங்க. பிழைங்கற வார்த்தையே ஒரு பிழை. என் பதவிக் காலத்துல இந்தக் கட்டடத்துலேருந்து ஒரு பிழைச் செய்திகூட வெளிய போகாது. பிழை இருக்கும், அது இயந்திரத்தோட சுபாவம். செய்தி போகாது."

எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் நிறுத்துகிறவர் யார் என்பதைக் குறித்துக்கொள்ள ஓர் அதிகாரி பின்வரிசையில் நின்றிருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது.

அன்றிலிருந்து சல்லடையின் கண்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. 'பிழை' போயிற்று. 'உடைந்தது', 'நின்றது', 'ஆபத்து' எல்லாம் போயின. 'உடனே' என்பது வாடிக்கையாளரை விரட்டுகிறது என்று போயிற்று. 'இல்லை', 'கூடாது', 'வேண்டாம்' ஆகியவை எதிர்மறை எண்ணத்தை வளர்க்கின்றன என்று ஒரே நாளில் போயின. செய்தி ஒவ்வொன்றும் வணக்கத்தில் தொடங்க வேண்டும். அலுவலகத்தில் போனை எடுத்தாலும் முதல் வார்த்தை வணக்கமாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்ன விளக்கு வைத்தார்கள். சல்லடை திருப்பி அனுப்பினால் விளக்கு எரியும். எரிந்தால் சுற்றி இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரவர் திரையைப் பார்த்துக்கொள்வார்கள். சாப்பாட்டு இடைவேளையில் விளக்கு எரிந்தவன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

கூடத்தின் நடுச்சுவரில் ஒரு பெரிய பலகை வந்தது. வெளியே எங்காவது ஓர் இயந்திரம் ஒரு செய்தியைக் காட்டினால் அது அப்போதே பலகையில் ஒளிரும், பக்கத்தில் சல்லடை கொடுத்த மதிப்பெண்ணோடு. பத்துக்குப் பத்து என்றால் மணி அடிக்கும். எல்லோரும் எழுந்து கைதட்ட வேண்டும். 'வணக்கம். தங்கள் பயணம் நிதானமடைந்துள்ளது' என்று ஒரு நாள் வந்தது. எங்கோ ஒரு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். இங்கே இவர்கள் கையைத் தட்டினார்கள்.

லிஃப்ட் பிரிவில் வழுக்கைத் தலையர் ஒருவர் இருந்தார். பிடிவாதக்காரர். 'லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறார்' என்று எழுதினார். விளக்கு எரிந்தது. அதையே மறுபடி அனுப்பினார். மறுபடி எரிந்தது. மேலே வரச் சொன்னார்கள். போகும்போது, "உள்ள ஆள் இருந்தா இருக்குன்னுதானே சொல்லணும்?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அவருடைய நாற்காலி இல்லை. மேசை இருந்தது, தண்ணீர் பாட்டில் பாதி குடித்தபடி இருந்தது. அவரை வேலையை விட்டு எடுத்தார்களா, கிடங்குக்கு அனுப்பினார்களா, வேறு ஏதாவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பலகையில் மட்டும் ஒரு வரி: 'வணக்கம். நண்பர் தற்போது வேறு வடிவில் நம்மோடு இருக்கிறார்.' பத்துக்குப் பத்து. மணி அடித்தது. நெட்டையனும் எழுந்து தட்டினான்.

அந்த வாரமே அவனுடைய பழைய பாய்லர் செய்திகள் மறுபடி சல்லடைக்குப் போயின. விளக்கு எரிந்தது. 'இல்லை'யை எடுத்தான். எரிந்தது. 'நெருப்பு' என்றால் பயம் வருமாம், எடுத்தான். மூன்றாம் முறை எரிந்தபோது பக்கத்தில் இருந்தவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். பிறகு மேலேயிருந்து ஆள் வந்தது.

இயக்குநர் அவனுக்குத் தேநீர் கொடுத்தார். தோளில் கையை வைப்பதற்கு வசதியாக அவனை உட்காரச் சொன்னார்.

"தண்ணி இல்லைன்னு எழுதறீங்களே தம்பி, அதைப் படிக்கிற மனுஷன் என்ன பாடுபடுவார்?"

"படிக்கலைன்னாதான் சார் பாடு. தண்ணி விட்டா பாய்லர் வெடிச்சிடும்."

"பாருங்க, பேச்சுலயே எவ்வளவு வெப்பம்." இயக்குநர் வருத்தப்பட்டார். "வெடிக்கறது ஒரு நொடி. அந்த வார்த்தை தர்ற வேதனை எவ்வளவு நாள் இருக்கும்? வெடிச்சா ஆலைக்காரங்க நம்ம மேல வருத்தப்படுவாங்க, வாஸ்தவம். வெடிக்கும்னு சொன்னா இன்னிக்கே வருத்தப்படுவாங்க. நம்ம துறையால எதைத் தடுக்க முடியுமோ அதைத்தான் தடுக்க முடியும்."

"அங்க ஓட்டறது எங்க அக்கா வீட்டுக்காரர் சார்."

"அப்படியா? ரொம்ப நல்லது. சொந்தக்காரருக்கு இன்னும் அன்பா எழுதலாமே." கை தோளில் லேசாக அழுந்தியது. "உங்க நாற்காலி வசதியா இருக்கா தம்பி?"

நெட்டையன் கீழே வந்து எழுதினான். 'வணக்கம். தண்ணீரைப் பற்றி அன்புடன் கருதவும்.' விளக்கு எரியவில்லை. தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் வருகிற செய்தியும் சல்லடையில் தேய்ந்து தேய்ந்து இதே வாக்கியமாகத்தான் நின்றிருந்தது. தண்ணீர் விடு என்பதற்கும் விட்டால் செத்தாய் என்பதற்கும் இப்போது ஒரே வரி. ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைப் பார்க்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். மாமா வெளியே போய்விட்டுத் தாமதமாக வந்தார். வாசலுக்கு வந்த அக்கா இரண்டு கையையும் கூப்பினாள்.

"வணக்கம். வணக்கம்."

மாமா செருப்பைக் கழற்றாமல் அப்படியே திரும்பித் தெருமுனை வரைக்கும் போய்விட்டார். அந்த வீட்டில் அது வழக்கம். அக்காவுக்கு நிஜமாகக் கோபம் வந்துவிட்டால் திட்ட மாட்டாள், இரண்டு தடவை வணக்கம் சொல்வாள். அவள் தணிகிற வரைக்கும் அவர் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. ஒரு தடவை மட்டும் சொன்னால் வெறும் கேலி, பயமில்லாமல் உள்ளே வரலாம்.

கொஞ்ச நேரம் கழித்து வந்த மாமாவிடம் நெட்டையன் ரகசியமாக விஷயத்தைச் சொன்னான். மாமா நெடுநேரம் தாடையைத் தேய்த்தார்.

"வணக்கம் போடலாம்ல?"

"போட்டே ஆகணும் மாமா."

"அப்ப ரெண்டு தடவை போடு. உங்க அக்கா சொன்னா வீட்டை விட்டு ஓடறேன். பெட்டி சொன்னா பாய்லர் ரூமை விட்டு ஓடறேன். ரெண்டு வணக்கம்னா காலி, நெருப்பை நிறுத்திட்டு வெளிய வந்துடறேன். ஒரு வணக்கம்னா கொஞ்சம் குறைவு, பம்ப்பைப் போடறேன். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"எனக்கும் புரிஞ்சுது" என்றாள் அக்கா கதவருகிலிருந்து. "என் வாயை வெச்சுத்தான் உங்க ஆபீஸ் நடக்கணும்னு இருக்கு." அவள் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு மாமாவின் தட்டில் அவர் கேட்காமலே இரண்டாம் முறை பரிமாறினாள்.

நெட்டையனின் புதிய செய்தியைச் சல்லடை திருப்பவில்லை. அதுமட்டுமல்ல, இரட்டிப்பு மரியாதை என்று பத்துக்குப் பத்து கொடுத்தது. மறுமாதம் ஆலையில் பம்ப் பழுதாகி பாய்லர் காய்ந்துபோனபோது திரையில் இரண்டு வணக்கம் வந்தது. மாமா நெருப்பை நிறுத்திவிட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். பாய்லர் ஆறியது. அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். ஒரு பிழைச் செய்தி அதன் வேலையைச் செய்தது. அந்தக் கட்டடத்தில் இது நெட்டையன் ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்ததை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆனால் பத்துக்குப் பத்து வாங்கியதை மறைக்க முடியுமா? பலகையில் இருக்கிறதே. பம்ப் பிரிவுக்காரர் பார்த்தார், இரண்டு வணக்கம் போட்டார். லிஃப்ட் பிரிவில் புதிதாக வந்தவர் நான்கு போட்டார். மருத்துவமனைப் பிரிவின் செய்தி ஒன்றில் திரை முழுக்க வணக்கமே நிறைந்து, மேற்கொண்டு ஒரு எழுத்துக்கு இடமில்லாமல் போனது. அதற்கும் மணி அடித்தது. பலகை ஓயாமல் கும்பிட்டுக்கொண்டே இருந்தது. அது இயக்குநருக்கே சலித்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலையில் எல்லோருடைய திரையிலும் ஓர் அறிவிப்பு வந்தது. 'வணக்கம். சல்லடை இனித் தானே பேனா பிடிக்கும். தங்கள் செய்திகள் மலர்ந்துள்ளன.'

நெட்டையன் உடனே தன் செய்திகளைத் திறந்து பார்க்கப் போனான். திறக்கவில்லை. 'மலர்ந்தவை மலர்ந்தவையாகவே இருக்கும்' என்று வந்தது. மாடிக்கு ஓடினான். துறையின் வரவேற்பில் இருந்த பெண்மணி அவனை அன்பாகப் பார்த்தார்.

"எது மாறியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க மேடம்."

"மாறிச்சுன்னு சொன்னா முன்னாடி சரியில்லைன்னு ஆயிடுமே. அது உங்களைக் குறை சொல்ற மாதிரி. நாங்க யாரையும் குறை சொல்றதில்லை."

"வணக்கத்துல கை வெச்சீங்களா? அதை மட்டும்."

"உங்க செய்தி எல்லாம் நல்லா இருக்கு சார். முன்னைவிடச் சுருக்கமா." அவர் குரலைத் தாழ்த்தினார். "இவ்வளவு கேள்வி கேக்காதீங்க. போன மாசம் எங்க மாடியிலயும் ரெண்டு நாற்காலி போச்சு."

சுருக்கம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவனுக்கு விளங்கிவிட்டது. கீழே வந்து ஆலைக்குப் போன் செய்தான். ஆலையின் போனுக்குப் பதில் சொல்லும் இயந்திரமும் இவர்கள் செய்ததுதான். 'வணக்கம். தங்கள் அழைப்பை நாங்கள் ரசிக்கிறோம்' என்றது. மறுபடி செய்தான். மறுபடி ரசித்தது. மாமாவின் செல்போனோ பாய்லர் அறைக்கு வெளியே அலமாரியில் பூட்டியிருக்கும், உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதுவும் அடித்து ஓய்ந்தது. நேரில் போய்விடலாம் என்று பையை எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்தான்.

பாதிக் கூடம் தாண்டுவதற்குள் பலகை ஒளிர்ந்தது. துணி ஆலை, பாய்லர்.

'வணக்கம். தண்ணீரைப் பற்றி அன்புடன் கருதவும்.'

பத்துக்குப் பத்து. மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

ஒரே வணக்கம். இது வெறுமனே தண்ணீர் குறைந்திருப்பதாக இருக்கலாம். ஒன்று போட்டு அவன் எழுதிய செய்தியாகவே இருக்கலாம். இரண்டு போட்டு எழுதி, ஒன்று பிடுங்கப்பட்ட செய்தியாகவும் இருக்கலாம். எழுதியவனாலேயே சொல்ல முடியவில்லை. ஆலையில் ஒரு மனிதர் இப்போது அந்த வரியைப் படிப்பார், ஒரு தடவை எண்ணுவார், தலையை ஆட்டிக்கொண்டு பம்ப்பின் பக்கம் போவார் என்பது மட்டும் நிச்சயம்.

"விடாதீங்க மாமா" என்றான் நெட்டையன் பலகையைப் பார்த்து. வாழ்க்கையில் முதல் தடவையாக உரக்கச் சொன்னான். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

யாரும் முதலில் நிறுத்துவதாக இல்லை, தட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்படித் தட்டிக்கொண்டிருக்கும்போதே பலகையில் அடுத்த வரி வந்தது.

'வணக்கம். கொதிகலன் தற்போது வேறு வடிவில் உள்ளது.'

பத்துக்குப் பத்து. மணி மறுபடி அடித்தது. ஒரே இயந்திரம் அடுத்தடுத்து இரண்டு முழு மதிப்பெண் வாங்கியது அதுவே முதல் தடவை. இயக்குநர் மாடியிலிருந்து இறங்கி வந்து நெட்டையனின் தோளில் கை வைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இதுக்குப் பேர்தான் தம்பி தெளிவு. படிச்சவங்க யாராவது பதறினாங்களா பாருங்க."

அவன் பையிலிருந்த போன் அடித்தது. எடுத்தான்.

"வணக்கம்." வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒரு வருஷத்துப் பழக்கம்.

"டேய், நான்தான்." அக்கா. "ஆலைப் பக்கம் என்னவோ பெரிய சத்தம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்துபோச்சு. அவர் போனை எடுக்க மாட்டேங்கறாரு. உங்க ஆபீஸ் பலகையில எல்லாம் தெரியும்னு சொல்வியே. அவருக்கு என்ன ஆச்சு? நேராச் சொல்லு."

நெட்டையன் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியது சின்ன விஷயம். பாய்லர் வெடித்துவிட்டது. மாமா உள்ளே இருந்தார். ஆனால் அதற்கு வேண்டிய வார்த்தைகள் ஒவ்வொன்றையும் அவன் கையாலேயே ஒரு வருஷமாகப் பொறுக்கி வெளியே போட்டிருந்தான். தோளில் அந்தக் கை இருந்தது. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருக்கிறது.

"அக்கா… மாமா இப்ப… கொஞ்சம் வேற…"

மறுமுனையில் அவள் நீளமாக மூச்சு விட்டது கேட்டது.

"நீ இழுக்கறதைக் கேட்டு ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சுடா. ஆனா எடுத்ததும் ஒரு வணக்கம்தானே சொன்னே. ரெண்டு சொன்னாத்தான் பயப்படணும்னு அவர் சொல்லியிருக்காரு. சரி, நீ வேலையைப் பாரு. நான் அவருக்குச் சாப்பாட்டை மூடி வெச்சுட்டு ஜன்னலைத் துடைக்கறேன். வீடு பூரா ஒரே தூசி."

போனை வைத்துவிட்டாள்.

நெட்டையன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"வணக்கம்" என்றான்.

"ஒரு தடவை சொன்னா போதும் தம்பி" என்றார் இயக்குநர்.